நாலாவது லார்ஜ் கேட்கிறார், கார் சாவி மேசைமேல்: எப்போது, யார், எப்படி நிறுத்துவது?

கோவை_ஃப்ளோர் | பிப்ரவரி 3, 2025, காலை 11:20

ரெஸ்டாரன்ட்டோடு சேர்ந்த எஃப்.எல்.3 (ஹோட்டல்களுக்கான மது உரிமம்) பார், 22 மேசை. ஒருவர் ரெண்டு மணி நேரத்தில் மூன்று லார்ஜ் (ஒன்று 60 மி.லி.) முடித்துவிட்டு நாலாவது கேட்கிறார். பேச்சு தெளிவு, நடை நேர், கார் சாவி மேசைமேல். கொடுக்கலாமா? எங்கள் சர்வர்கள் சொல்வது: "ஆளைப் பார்த்தாலே தெரியும். தெளிவா இருக்கிறவரைக்கும் கொடுப்போம், உளற ஆரம்பிச்சா நிறுத்திடுவோம்." இது சரியா? நிறுத்துவதென்றால் எந்தக் கட்டத்தில், யார் வாயால் சொல்வது?

மணி_கேப்டன் | பிப்ரவரி 3, பிற்பகல் 1:05

பார்த்தால் தெரியும் என்பதை நம்பி பார் நடத்த முடியாது. தினமும் குடிக்கிறவருக்கு நாக்கும் காலும் பழகிப்போகும். ரத்தத்தில் 100 மி.லி.க்கு 120 மி.கி. இருக்கும்போதுகூட நேராக நடந்து போய் பில் கட்டுவார். ஆனால் எதிரே வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்கும் கண்ணும் பிரேக்கை மிதிக்கும் காலும் அப்படிப் பழகுவதில்லை. இன்னொரு பக்கம், புதிதாகக் குடிக்கிற பையன் ஒரு பீரிலேயே ஆடுவான். அதனால் முதலில் எண்ணிக்கை வேண்டும். கண் அதற்குத் துணைதான்.

நம்மூர் ஹாட் எல்லாமே, பிராந்தியோ விஸ்கியோ ரம்மோ, 42.8 சதவீதம். 30 மி.லி. ஸ்மாலில் 12.84 மி.லி. ஆல்கஹால். ஒரு மி.லி. ஆல்கஹாலின் எடை 0.789 கிராம். ஆக ஸ்மால் 10 கிராம், லார்ஜ் 20 கிராம். ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க் 1932இல் கொடுத்த சூத்திரம் இன்றைக்கும் போதும்: ஆல்கஹால் கிராமை உடல் எடையால் வகுக்க வேண்டும், பிறகு ஆண் என்றால் 0.68ஆலும் பெண் என்றால் 0.55ஆலும் வகுக்க வேண்டும், வருவதை 100ஆல் பெருக்கினால் 100 மி.லி. ரத்தத்தில் எத்தனை மி.கி. என்று கிடைக்கும். 70 கிலோ ஆண், ஒரு லார்ஜ்: ஏறத்தாழ 42 மி.கி. மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின் வரம்பு 30.

அதாவது உங்கள் வாடிக்கையாளர் முதல் லார்ஜ் முடித்தபோதே வண்டி ஓட்டக் கூடாதவர் ஆகிவிட்டார். மூன்று லார்ஜுக்கு 128. ரெண்டு மணி நேரத்தில் கழிந்தது போக கிட்டத்தட்ட 100. நாலாவதைக் கொடுப்பதா என்பது ஒரு கேள்வி. அவர் எதில் வீட்டுக்குப் போகிறார் என்பது வேறு கேள்வி, அதை முதல் ஆர்டரின்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஜிக்கர்30 | பிப்ரவரி 3, பிற்பகல் 3:40

மணி அண்ணா சொன்ன கணக்கு சரி. ஆனால் 30 மி.லி. என்று பில்லில் போடுவது கிளாஸிலும் 30ஆக இருந்தால்தான் அது நிற்கும். கை அளவில் ஊற்றுகிற பார்களில் ஸ்மால் 35, 38 வரை போகும். எடையளவு முத்திரை குத்திய பெக் மெஷரை (அளவுக் குவளை) கிளாஸுக்குப் பக்கத்தில் பிடித்து விளிம்பு வரை நிரப்பி, பிறகு கிளாஸில் ஊற்ற வேண்டும். வழிந்தது கிளாஸில் விழக் கூடாது.

சோதிக்க எளிய வழி உண்டு. 750 மி.லி. பாட்டிலில் 25 ஸ்மால் வர வேண்டும். இரவு ஸ்டாக் எடுக்கும்போது 23தான் வந்திருக்கிறது என்றால் ஒவ்வொன்றும் 32.6 மி.லி. போயிருக்கிறது. ஓனருக்கு அது நஷ்டம், குடிப்பவருக்கு அது கணக்கில் வராத போதை.

கல்லாப்பெட்டி | பிப்ரவரி 3, மாலை 6:15

பெண்களுக்கு 0.55 என்றீர்களே, 55 கிலோ பெண் ஒரே ஒரு ஸ்மால் எடுத்தால்?

மணி_கேப்டன் | பிப்ரவரி 3, மாலை 6:31

33. ஒரு ஸ்மாலிலேயே வரம்பு தாண்டும். சாப்பிட்டிருந்தால் உச்சம் கொஞ்சம் குறையும், அதை நம்பி சாவி கொடுக்க முடியாது.

தேனி_சர்வீஸ் | பிப்ரவரி 4, காலை 10:02

ஹாட் குடிப்பவரைப் பற்றியே பேசுகிறோம். பிரச்சினை வராதவர்கள் பீர் ஆட்கள்தான். ஒரு பீர் என்பது ஒரு லார்ஜ் மாதிரி, அவ்வளவுதானே? பீர் மேசைகளை விட்டுவிட்டு மற்றதைக் கவனித்தால் போதும் என்பது என் கருத்து.

ஜிக்கர்30 | பிப்ரவரி 4, காலை 10:48

இல்லை ஜி. 650 மி.லி. ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம்: 52 மி.லி. ஆல்கஹால், 41 கிராம். ரெண்டு லார்ஜுக்குச் சமம். 5 சதவீத லாகர் 650 மி.லி. என்றால் 25 கிராம் சொச்சம், அதுவே ஒரு லார்ஜைத் தாண்டும். ரெண்டு ஸ்ட்ராங் குடித்தவர் நாலு லார்ஜ் குடித்தவர். மேசையில் ரெண்டே பாட்டில் நிற்பதால் யாருக்கும் உறைப்பதில்லை.

மோசமானது பிட்சர், மேசைக்குப் பொதுவாக வைக்கும் பீர் ஜாடி. ஒன்றரை லிட்டர், 5 சதவீதம், 59 கிராம். மூன்று பேர் பங்கு போடுகிறார்கள் என்று எழுதுகிறோம். மூன்றில் ஒருவர் பாதியைக் குடிக்கிறார், அதை யாரும் எண்ணுவதில்லை. பிட்சர் கொடுத்தால் கிளாஸை சர்வர்தான் நிரப்ப வேண்டும்.

லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்து ஸ்பிரிட், தலா 15 மி.லி. போட்டால் 75 மி.லி., 24 கிராம் பக்கம். சில பார்களில் தலா 30 போடுகிறார்கள், அப்போது ஒரே கிளாஸில் ரெண்டு லார்ஜுக்கு மேல். கோலாவும் எலுமிச்சையும் காரத்தை மறைத்துவிடும், பதினைந்து நிமிடத்தில் குடித்து முடிப்பார்கள். ஒருவருக்கு ஒன்று, அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து என்று மெனுவிலேயே அச்சடிக்கலாம்.

கோவை_ஃப்ளோர் | பிப்ரவரி 4, பிற்பகல் 12:10

இத்தனை கிராம் கணக்கை சர்வர் எப்படித் தலையில் வைத்திருப்பார்? வெள்ளிக்கிழமை இரவு ஒருவர் ஆறு மேசை பார்க்கிறார்.

மணி_கேப்டன் | பிப்ரவரி 4, பிற்பகல் 2:25

தலையில் வேண்டாம், டாக்கெட்டில் (ஆர்டர் சீட்டு) போடுங்கள். 10 கிராம் ஒரு புள்ளி. ஸ்மால் 1, லார்ஜ் 2, லாகர் 650 என்றால் 2½, ஸ்ட்ராங் 4, ஒயின் 150 மி.லி. 1½, பைன்ட் 330 மி.லி. என்றால் 1¼. இதை அட்டையில் எழுதி டிஸ்பென்ஸ் கவுன்டரில் ஒட்டுங்கள். ஆர்டர் எழுதும் டாக்கெட்டில் நாற்காலி எண் போட்டு, பக்கத்தில் புள்ளியும் நேரமும். பார்டெண்டர் சரக்கை ஊற்றும் முன் அந்த நாற்காலிக்கு இதுவரை எவ்வளவு என்று பார்ப்பார். இரண்டு பேர் பார்க்கிற கணக்கு தவறுவது குறைவு.

உடம்பு கழிப்பது மணிக்கு 15 மி.கி. அளவில். 70 கிலோ ஆளுக்கு அது 7 கிராம், ஒரு புள்ளிகூட இல்லை. இந்த ஒரு எண்ணைச் சர்வர்களுக்குப் புரியவைத்தால் மீதி தானாக வரும். மணிக்கு ஒரு ஸ்மால் குடிப்பவருக்குக்கூட மெல்ல ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

என் அளவுகோல்: ஒரு மணி நேரத்தில் 4 புள்ளி வந்தால் அந்த நாற்காலி மஞ்சள். கேப்டனுக்கு (சர்வர்களுக்கு மேலே இருப்பவர்) சொல்ல வேண்டும், தண்ணீரும் சாப்பாடும் போக வேண்டும், அடுத்த டிரிங்க் தாமதமாக வேண்டும். மொத்தம் 8 தொட்டால் ஆள் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் சிவப்பு, அதோடு நிறுத்த வேண்டும். மெலிந்தவர், பெண், சாப்பிடாமல் வந்தவர் என்றால் 5, 6லேயே. இது சட்டம் இல்லை, வீட்டு விதி. எண்ணை உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றுங்கள், ஆனால் ஏதோ ஒரு எண் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

தேனி_சர்வீஸ் | பிப்ரவரி 4, இரவு 9:50

ஜிக்கர் ஜி, பீர் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னதுதான் சரி. பீர் மேசையையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று யாரும் கேட்கவில்லை. டாஸ்மாக் கடை இரவு 10 மணிக்கு மூடுகிறது. 10:15க்கு உள்ளே வரும் நாலு பேர் கூட்டம் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு குவார்ட்டர் போட்டுவிட்டு வருகிறது. குவார்ட்டர் என்றால் 180 மி.லி., 6 புள்ளி. உங்கள் டாக்கெட்டில் ரெண்டாவது லார்ஜுக்கு 4 என்று இருக்கும், அவர் உடம்பில் 10 இருக்கும்.

மணி_கேப்டன் | பிப்ரவரி 4, இரவு 11:58

இது முக்கியமான விஷயம், தேனி. 10 மணிக்கு மேல் வருகிறவர்களை வாசலிலேயே பேச்சுக் கொடுத்துப் பார்க்க வேண்டும். "எத்தனை பேர் சார், சாப்பாடா, எதுல வந்தீங்க?" மூன்று கேள்விக்கும் நேராகப் பதில் வருகிறதா, படியேறும்போது கைப்பிடியைத் தேடுகிறாரா, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்களா? சந்தேகம் என்றால் மெனுவில் சாப்பாட்டுப் பக்கத்தைத் திறந்து கொடுத்து, முதல் டிரிங்கை ஸ்மாலாக மட்டும் எடுத்து, அதற்கப்புறம் இருபது நிமிடம் பார்க்க வேண்டும். உள்ளே விட்ட பிறகு மறுப்பதைவிட வாசலில் மறுப்பது நூறு மடங்கு எளிது, காசு எதுவும் கைமாறியிருக்காது.

டாஸ்மாக்கோடு ஒட்டிய பார்களில் இந்த முறை செல்லாது. அங்கே பாட்டில் கடையில் வாங்கியது, பாரில் கிளாஸும் தண்ணீரும் சைடிஷும்தான். எண்ணுவதற்கு டாக்கெட்டே இல்லை. அது தனிப் பிரச்சினை.

இரவு_ஷிஃப்ட் | பிப்ரவரி 5, அதிகாலை 4:12

அவசரப் பிரிவில் செவிலியர். கண் துணை என்றீர்கள், எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உளறலும் தள்ளாட்டமும் கடைசியில் வருபவை. அதற்கு முன் வருபவை: குரல் உயர்வது, சொன்னதையே திரும்பச் சொல்வது, முன்னைவிட வேகமாகக் குடிப்பது, கிளாஸை வைக்கும்போது மேசை விளிம்பைத் தவறவிடுவது, போனில் யுபிஐ பின்னை ரெண்டு முறை தப்பாகப் போடுவது, மெனுவைத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்குவது, பக்கத்து மேசையில் போய்ப் பேச்சுக் கொடுப்பது. கழிவறைக்குப் போய் வருவதைக் கவனியுங்கள். உட்கார்ந்திருக்கும்போது தெரியாதது எழுந்ததும் தெரியும்.

போதை மாதிரியே இருக்கும், ஆனால் போதையாக இல்லாதவையும் உண்டு. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், நடுங்கும், குழறும், கோபப்படுவார். மதுவே சர்க்கரையை இறக்கும், அதனால் இரண்டும் சேர்ந்தே வரும். பக்கவாதத்தில் வாய் ஒரு பக்கம் கோணும், ஒரு கை தூக்க வராது. கீழே விழுந்து தலையில் அடிபட்டவரும் போதை போலவே தெரிவார். ஒரே ஒரு பெக் குடித்தவர் இப்படி இருந்தால் "மட்டையாயிட்டார்" என்று ஓரமாகப் படுக்கவைக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.

கோவை_ஃப்ளோர் | பிப்ரவரி 5, காலை 11:35

நன்றி சிஸ்டர். அடுத்து, சொல்வது எப்படி? எங்கள் சர்வர் ஒருவர் வாடிக்கையாளரிடம் "சார், நீங்க ஓவரா குடிச்சிட்டீங்க" என்று சொல்லி மேசையே கவிழ்ந்தது.

மணி_கேப்டன் | பிப்ரவரி 5, பிற்பகல் 3:15

சர்வர் சொல்லவே கூடாது. சர்வர் கேப்டனிடம் சொல்வார், கேப்டன் பார் கவுன்டரில் சொல்லி அந்த மேசையைப் பில்லிங் மெஷினில் பூட்டுவார், பிறகு கேப்டன் மட்டும் போய்ப் பேசுவார். பூட்டுவது முதலில், பேசுவது பிறகு. இல்லாவிட்டால் இவர் இந்தப் பக்கம் மறுக்கும்போதே அவர் வேறு சர்வரைக் கூப்பிட்டு ஆர்டர் போட்டுவிடுவார். ஒருத்தர் மறுத்ததை இன்னொருத்தர் கொடுத்தால் அந்த இரவு முழுக்க அந்தப் பாரில் யாராலும் யாருக்கும் மறுக்க முடியாது.

மேசைக்குப் போகும்போது எதிரே நிமிர்ந்து நிற்காதீர்கள். பக்கவாட்டில், அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து, மெதுவாக, மற்ற மேசைக்குக் கேட்காமல். தொடாதீர்கள், தோளில் கைகூடப் போடாதீர்கள். "குடி", "போதை", "ஓவர்" என்ற சொல் வாயில் வரவே கூடாது. அவரைப் பற்றிப் பேசாமல் வீட்டு விதியைப் பற்றிப் பேசுங்கள்: "சார், இன்னிக்கு ஹாட் இதோட முடிச்சுக்கலாம். எங்க ஹவுஸ் ரூல். சூடா ஏதாச்சும் சாப்பிடக் கொண்டு வரட்டுமா, வண்டிக்கு டிரைவர் சொல்லட்டுமா?" கேள்வி ரெண்டு, ரெண்டுக்குமே ஆமாம் சொல்லலாம். அவமானப்பட்டதாக அவருக்குத் தோன்றாமல் வெளியேற ஒரு வழி வேண்டும்.

"ஒரே ஒரு ஸ்மால் மட்டும்" என்று பேரம் வரும். இறங்கினால் தொலைந்தது, பேரம் பேசலாம் என்று தெரிந்துவிடும். அதே வாக்கியத்தை அதே குரலில் மூன்று முறை சொல்லுங்கள், புதுக் காரணம் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு புதுக் காரணமும் வாதாட ஒரு புது இடம்.

கூட்டத்தில் தெளிவாக இருக்கும் ஒருவர் எப்போதும் இருப்பார். மேசைக்குப் போகும் முன்னே அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, அவருக்கு இதோட போதும்னு நினைக்கிறோம், நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றால் பாதி வேலை முடிந்தது. சிநேகிதன் சொன்னால் கேட்பார், யூனிஃபார்ம் சொன்னால் கேட்க மாட்டார்.

பில்லை மறுப்போடு சேர்த்து வைக்காதீர்கள். துரத்துவது மாதிரி இருக்கும். சாப்பாடு வந்து, பத்து நிமிடம் கழித்து.

கல்லாப்பெட்டி | பிப்ரவரி 5, மாலை 5:20

இவ்வளவு சண்டை எதற்கு? நாலாவது லார்ஜ் கேட்டால் வெறும் சோடாவில் அரை ஸ்மால் மட்டும் மிதக்கவிட்டுக் கொடுத்து அனுப்பலாம். பல இடங்களில் நடப்பதுதான். அவருக்கும் திருப்தி, ஆபத்தும் இல்லை.

ஜிக்கர்30 | பிப்ரவரி 5, மாலை 5:44

லார்ஜுக்குப் பணம் வாங்கிவிட்டு 15 மி.லி. கொடுப்பது ஏமாற்று. அளவு குறைவு என்று ஒருவர் புகார் கொடுத்தால் முத்திரை குத்திய பெக் மெஷர் உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும். பணம் வாங்காமல் கொடுத்தாலும் தப்பு: போதை ஏறவில்லை என்று நினைத்து அடுத்ததை உடனே கேட்பார். குடிப்பவரிடம் மறைத்துச் செய்யும் எதுவும் வேண்டாம். மெதுவாக்க நேர்மையான வழி எத்தனையோ இருக்கிறது. காலி கிளாஸை உடனே எடுக்காமல் மேசையிலேயே விட்டால் எத்தனை ஆச்சு என்று அவரே பார்ப்பார். கிளாஸ் காலியாகும் முன் "ரிப்பீட் சார்?" என்று கேட்பதை நிறுத்தினாலே வேகம் குறையும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் நடுவே தண்ணீர் பாட்டில் திறந்து ஊற்றிவிட்டு வரலாம்.

மணி_கேப்டன் | பிப்ரவரி 5, மாலை 6:30

ஜிக்கர் சொன்னதோடு ஒன்று. இலவசமாக வைக்கும் சைடிஷை மாற்றுங்கள். உப்புக்கடலையும் மிக்சரும் தாகத்தைக் கூட்டி இன்னும் குடிக்கவைக்கும், அதற்குத்தான் வைக்கிறார்கள். சுண்டல், அவித்த முட்டை, பனீர் மாதிரி புரதமும் கொழுப்பும் உள்ளவை வயிற்றிலிருந்து குடலுக்கு மது இறங்குவதைத் தாமதப்படுத்தும். உச்சம் குறையும். ஆனால் குடித்து முடித்த பிறகு சாப்பிடுவது இந்த வேலையைச் செய்யாது. முதல் ரவுண்டோடு போக வேண்டும்.

ஹாப்பி ஹவர் 1+1 பற்றி: ரெண்டு லார்ஜையும் ஒன்றாகக் கொண்டு வந்து வைப்பதுதான் கெடுக்கிறது. ஐஸ் கரைகிறதே என்று ரெண்டாவதை அவசரமாக இறக்குவார். இரண்டாவதுக்குக் கூப்பன் கொடுங்கள், அன்றிரவு மூடும்வரை செல்லும் என்று. விற்பனை ஒரு ரூபாய் குறையாது.

கோவை_ஃப்ளோர் | பிப்ரவரி 6, காலை 10:15

கூப்பன் யோசனையை ஓனரிடம் சொல்லிவிட்டேன், ஒப்புக்கொண்டார். லாஸ்ட் ஆர்டர் பற்றியும் சொல்லுங்கள். மூடுவதற்குப் பதினைந்து நிமிடம் முன் கூப்பிடுகிறோம், எல்லாரும் ரெண்டு ரெண்டாகச் சொல்கிறார்கள்.

மணி_கேப்டன் | பிப்ரவரி 6, பிற்பகல் 12:40

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான பதினைந்து நிமிடம். வயிற்றில் இறங்கிய மது ரத்தத்தில் உச்சம் தொட அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். 10:45க்கு ஆர்டர் எடுத்து, பத்து நிமிடத்தில் ரெண்டு லார்ஜை இறக்கிவிட்டு 11க்கு எழுந்து போகிறவர் உங்கள் வாசலில் நன்றாகத்தான் இருப்பார். அவருக்கு ஏறுவது 11:40க்கு, அவிநாசி ரோட்டில்.

11க்கு மூடும் பார் என்றால் லாஸ்ட் ஆர்டர் 10:15, அதிகம் போனால் 10:20. ஆளுக்கு ஒரே டிரிங்க். ஸ்ட்ராங் பீர் கிடையாது, ஷாட் கிடையாது. சமையலறை அதற்கப்புறமும் திறந்திருக்க வேண்டும். நிறைய இடங்களில் நேர்மாறாக அடுப்பை 10:15க்கு அணைத்துவிட்டு பாரை 10:50 வரை ஓட்டுகிறார்கள். விளக்கை 10:40க்குக் கூட்டுங்கள், பாட்டுச் சத்தத்தைக் குறையுங்கள்.

கால் டிரைவரையும் லாஸ்ட் ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். 11க்குச் சொன்னால் ஊரில் எல்லா பாரும் அதே நேரத்தில் கேட்கும், முக்கால் மணி நேரம் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் சாவியை எடுத்துவிடுவார்.

தேனி_சர்வீஸ் | பிப்ரவரி 6, பிற்பகல் 2:05

கார் ஆட்களுக்கு டிரைவர். எங்கள் பக்கம் பத்தில் எட்டு பேர் பைக்கில் வருகிறார்கள். பைக்குக்கு யாரும் டிரைவர் அனுப்புவதில்லை.

மணி_கேப்டன் | பிப்ரவரி 6, பிற்பகல் 2:50

பைக்கை விட்டுவிட்டுப் போவதை எளிதாக்குவது ஒன்றே வழி. ராத்திரி பார்க்கிங்குக்குக் காசு வாங்காதீர்கள். மறுநாள் மதியம் வரை எடுக்கலாம் என்று வாசலில் பெரிதாக எழுதுங்கள். டோக்கன் ரெண்டு துண்டு: ஒன்று அவரிடம், ஒன்று சாவியோடு கவரில், மேலே வண்டி எண், ஹெல்மெட் உண்டா இல்லையா. வண்டி காணாமல் போகும் என்ற பயத்தில்தான் பாதிப் பேர் ஓட்டுகிறார்கள், கேமராவுக்குக் கீழே நிறுத்தி அதை அவருக்குக் காட்டுங்கள். ஆட்டோ ஸ்டாண்டில் ரெண்டு பேரோடு முன்கூட்டியே பேசி வைத்திருங்கள்.

வேலே பார்க்கிங்கில் சாவி உங்களிடம் இருக்கிறது. பையன் டோக்கன் வாங்கியதும் ஓடிப்போய் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தக் கூடாது. சிவப்பு மேசை டோக்கன் என்றால் கேப்டனுக்கு ஒரு வாக்கிடாக்கி சொல். சாவியைப் பிடுங்கி வைக்க நமக்கு உரிமை இல்லை, தாமதிக்கவும் பேசவும் முடியும். பிடிவாதமாக எடுத்துக்கொண்டு கிளம்பினால் வண்டி எண்ணைச் சொல்லி 100க்குப் போன் செய்யுங்கள். அதைச் செய்வோம் என்று அவரிடம் முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். 185இல் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 188ஆம் பிரிவு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது. 2022இல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை உடன் பயணிப்பவருக்கும் அபராதம் என்று அறிவித்தது. கூட வந்த நண்பர்களிடம் இதைச் சொன்னால் அவர்களே சாவியை வாங்கிவிடுவார்கள்.

கல்லாப்பெட்டி | பிப்ரவரி 6, இரவு 8:10

வாசலில் ஒரு பிரீத் அனலைசர் வைத்தால்? 30க்குக் கீழே என்றால் அனுப்பலாம்.

இரவு_ஷிஃப்ட் | பிப்ரவரி 7, அதிகாலை 3:30

வேண்டாம். கடைசி மடக்கு குடித்து 15 நிமிடம் ஆகாவிட்டால் வாயில் ஒட்டியிருக்கும் மதுவே எண்ணைத் தப்பாகக் காட்டும். அதைவிட மோசம், ஏறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு 25 காட்டும், அவர் பச்சைக்கொடி கிடைத்ததாக நினைத்துக் கிளம்புவார், அரை மணியில் 45. இளைஞர் கூட்டம் என்றால் யாருக்கு அதிகம் என்று போட்டியே நடக்கும். கருவி சரியாகக் காட்டுகிறதா என்று அவ்வப்போது கேலிபரேட் செய்வதும் யாரும் செய்வதில்லை.

மோர், எலுமிச்சை, நார்த்தங்காய், பில்டர் காபி, குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவது: எதுவும் ரத்தத்தில் இருப்பதைக் குறைக்காது. காபி தூக்கத்தை விரட்டும், விழித்திருக்கும் போதையாளரை உண்டாக்கும். எனர்ஜி டிரிங்க் கலந்து குடிப்பதிலும் இதே ஆபத்து. வாந்தி எடுத்தாலும் ஏற்கெனவே ரத்தத்தில் ஏறியது ஏறியதுதான். நேரம் மட்டும்தான் இறக்கும். நாலு லார்ஜ் குடித்து இரவு 11க்கு 140 இருப்பவர் மறுநாள் காலை 6க்கும் 30க்கு மேலேதான். காலையில் பைக் எடுக்க வருபவரையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மேசையில் தலை சாய்த்துத் தூங்குகிறவரைத் "தூங்கட்டும்" என்று விடாதீர்கள். பெயர் சொல்லி உலுக்குங்கள். கண் திறக்கவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 8க்குக் கீழே, அல்லது ரெண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடி இடைவெளி, உதடு நீலம், உடம்பு சில்லிட்டு: இதில் ஒன்று இருந்தாலும் 108. வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் காலை மடக்கி, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, வாய் தரையைப் பார்க்கும்படி. மல்லாக்கப் படுத்தால் வாந்தி மூச்சுக்குழலில் போய்விடும், அதிலேயே சாவு வரலாம். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், குடிப்பதை நிறுத்திய பிறகும் அளவு ஏறிக்கொண்டிருக்கும்.

ஜிக்கர்30 | பிப்ரவரி 7, பிற்பகல் 1:00

பெண்கள் மேசைக்கு வேறு மேசையிலிருந்து டிரிங்க் அனுப்பச் சொன்னால்: அவர்களிடம் கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் பாரில் புதிதாக ஊற்றி, சர்வர் கையால். கேட்காமல் கொண்டுபோய் வைக்கக் கூடாது. கழிவறைக்குப் போய் வந்தவர் விட்டுச் சென்ற கிளாஸில் சந்தேகம் என்றால் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுங்கள். வண்டி வரும்வரை பாருக்கு உள்ளேயே காத்திருக்கட்டும், வெளியே சாலையில் வேண்டாம்.

கோவை_ஃப்ளோர் | பிப்ரவரி 7, மாலை 4:45

வயது? தமிழ்நாட்டில் 21. எங்கள் பாருக்குப் பக்கத்தில் ரெண்டு கல்லூரி.

மணி_கேப்டன் | பிப்ரவரி 7, மாலை 5:30

25க்குக் கீழே தெரிகிற எல்லாரிடமும் கேளுங்கள், தெரிந்த முகமா என்று பார்க்காமல். கவுன்டரில் ஒரு பலகை: இன்றைக்கு "7.2.2004 அன்றோ அதற்கு முன்போ பிறந்தவர்." தினமும் தேதி மாற்ற ஒருவர் பொறுப்பு. இரவு கூட்டத்தில் யாரும் கழித்துப் பார்க்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ, ஜெராக்ஸ் செல்லாது. அசல் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், அல்லது அவர் போனில் டிஜிலாக்கரைத் திறந்து காட்ட வேண்டும். சில ஆதார் அட்டைகளில் பிறந்த ஆண்டு மட்டும் இருக்கும். 2004 என்று மட்டும் இருந்தால் இந்த வருடம் முழுக்க அதை ஏற்காதீர்கள், 2003 என்றால் சரி. புதுச்சேரியில் 18, அங்கிருந்து வருகிற பையன்கள் வாதாடுவார்கள், நம் லைசென்ஸ் இந்த மாநிலத்தது. கூட்டத்தில் ஒருவருக்கு வயது இல்லை என்றால் மேசைக்குப் பிட்சர் கிடையாது, தனித்தனி கிளாஸ் மட்டும்.

கல்லாப்பெட்டி | பிப்ரவரி 8, காலை 9:40

ஓனர் பக்கத்திலிருந்து ஒன்று. சர்வர் ஏன் நிறுத்தத் தயங்குகிறார் என்று யாரும் கேட்கவில்லை. பெரிய பில் என்றால் பெரிய டிப்ஸ். சில பிராண்டுகளுக்குப் பெக் கணக்கில் இன்சென்டிவ் வேறு. இது இருக்கிறவரை நீங்கள் எத்தனை அட்டை ஒட்டினாலும் பயனில்லை.

மணி_கேப்டன் | பிப்ரவரி 8, காலை 11:10

மனதாரச் சரி. டிப்ஸைப் பொதுவில் போட்டுப் பிரியுங்கள், சமையலறையும் சேர்த்து. ஹாட் விற்பனைக்கு இன்சென்டிவ் வைப்பதை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுக்கு வையுங்கள். இன்னொன்று அதைவிடப் பெரியது: கேப்டன் மறுத்த மேசைக்கு மேனேஜரோ ஓனரோ போய் "நம்ம ஆள்தான், கொடுங்கப்பா" என்று ஒரே ஒரு முறை சொன்னால் அப்புறம் எந்த ஊழியரும் யாருக்கும் மறுக்க மாட்டார். ஓனருடைய நண்பர் வந்தாலும் அதே எண்தான் என்று ஓனர் வாயால் பிரீஃபிங்கில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன் என்கிற ஓனரிடம் இந்த முறையைத் தொடங்கவே வேண்டாம், நடுவில் மாட்டிக்கொள்வது பத்தாயிரம் சம்பளக்காரப் பையன்.

கோவை_ஃப்ளோர் | பிப்ரவரி 8, பிற்பகல் 3:20

திங்கள்கிழமை பிரீஃபிங்கில் ஓனர் பேசுகிறார். கவுன்டரில் ஒரு ரிஜிஸ்டரும் போடுகிறேன். என்னென்ன பத்தி வேண்டும்?

மணி_கேப்டன் | பிப்ரவரி 8, பிற்பகல் 4:02

தேதி, நேரம், மேசை, நாற்காலி. அதுவரை போன புள்ளி. நிறுத்தியது யார், என்ன பார்த்து. தண்ணீர், சாப்பாடு கொடுத்த நேரம். எதில் போனார்: கால் டிரைவர், ஆட்டோ, நண்பர். வண்டி விட்டுப் போனால் டோக்கன் எண். கேப்டன் கையெழுத்து அன்றிரவே, மறுநாள் நிரப்பக் கூடாது. பக்க எண் அச்சடித்த தைத்த நோட்டு வாங்குங்கள், தாளைக் கிழித்தால் தெரிய வேண்டும். "ஃபுல் மப்பு" என்றெல்லாம் எழுதாதீர்கள், பார்த்ததை மட்டும்: "பின் இரண்டு முறை தவறு, கிளாஸ் கீழே விழுந்தது." முதல் மாதம் முடிந்ததும் எந்தக் கிழமை, எந்த மணி, எந்த டிரிங்கில் அதிகம் வருகிறது என்று கூட்டிப் பாருங்கள். அனேகமாக பிட்சரும் 10:15 கூட்டமும்தான் மேலே நிற்கும். அந்த ரெண்டுக்கு மட்டும் தனி விதி போட்டால் போதும்.

கோவை_ஃப்ளோர் | பிப்ரவரி 8, பிற்பகல் 4:10

சரி அண்ணா. மார்ச் கடைசியில் கூட்டிப் பார்த்து இங்கேயே போடுகிறேன்.